“ஏம்மா, நீங்க எந்தக் கட்சி?” - மதுரை மைக்குகளைத் துரத்தும் கேள்வி!

மேலூர்ப் பக்கத்து விவசாயி ஒருவரைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். காலை நேரம். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். சட்டைப்பையில் இருக்கும் போனில் எஃப்.எம். ஓடுகிறது. வைகை அணையிலிருந்து பெரியாறு பாசனத்துக்குத் தண்ணீர் திறந்தாச்சு, அமைச்சர் மலர் தூவினார் என்று ஆர்.ஜே. உற்சாகமாகச் சொல்கிறார். இவர் வயலுக்குப் போகும் கால்வாயிலோ இன்னும் ஆடு மேய்ந்துகொண்டிருக்கிறது.

நேயர்கள் பேசும் நேரம் வந்ததும் நம்பரைப் போடுகிறார். லைன் கிடைத்துவிடுகிறது.

“ஏம்மா தங்கச்சி, தண்ணி தொறந்தாச்சுன்னு சந்தோசமாச் சொல்றீக. எங்க கடைமடைக்கு ஒரு சொட்டு வரலையே, அதையும் சேர்த்துச் சொல்லலாம்ல? நீங்க எந்தக் கட்சிம்மா?”

மறுமுனையில் இரண்டு நொடி அமைதி. “அண்ணே, உங்க மனசு புரியுதுண்ணே. உங்களுக்காகவே ஒரு சூப்பர் பாட்டு வருது, கேளுங்க!”

பாட்டு வந்துவிடும். பதில் வராது. ‘இந்த ரேடியோவும் அவங்க ஆளுதான்’ என்ற முடிவோடு போன் மறுபடியும் சட்டைப்பைக்குள் போய்விடும்.

அந்த ஆர்.ஜே.க்குக் கட்சிச் சார்பு இருந்ததா? இல்லாமலே இருக்கலாம். அவர் ஏன் அப்படிப் பேசினார், ஏன் பதில் சொல்லாமல் பாட்டுக்குத் தாவினார் என்பதற்கான காரணம் அவர் மனசுக்குள் இல்லை. அவர் கையைக் கட்டியிருக்கும் விதிகளில் இருக்கிறது. அந்த விதிகள் தெரிந்தால் யாரைக் கோபித்துக்கொள்வது, யாரிடம் புகார் சொல்வது என்று நமக்கும் தெளிவாகிவிடும்.

ஒரு பக்கம் மட்டும் பேசச் சொல்லும் விதி

இந்தியாவில் தனியார் எஃப்.எம். நிலையங்கள் சொந்தமாகச் செய்தி தயாரித்து ஒலிபரப்ப முடியாது. சூரியன், மிர்ச்சி, ஹலோ என்று மதுரையில் நாம் கேட்கும் எல்லா நிலையத்துக்கும் இதுதான் சட்டம். ஊருக்குப் பத்து நியூஸ் சேனல் இருக்கும் காலத்தில், செல்போன் வைத்திருக்கும் யாரும் யூடியூபில் அரசியல் பேசலாம் என்ற காலத்தில், ரேடியோவுக்கு மட்டும் இந்தப் பூட்டு.

2011-ல் மத்திய அரசு கொண்டுவந்த மூன்றாம் கட்ட எஃப்.எம். கொள்கை இந்தப் பூட்டைக் கொஞ்சம் தளர்த்தியது. ஆல் இந்தியா ரேடியோவின் செய்தி அறிக்கையை ஒரு வார்த்தைகூட மாற்றாமல் அப்படியே மறுஒலிபரப்பு செய்யலாம் என்றது. விளையாட்டு வர்ணனை, போக்குவரத்து, வானிலை, திருவிழாக்கள், தேர்வு முடிவுகள், வேலைவாய்ப்பு போன்றவற்றைச் ‘செய்தி’ என்ற கணக்கில் சேர்க்காமல் அனுமதித்தது. மின்சாரம், குடிநீர், இயற்கைப் பேரிடர், சுகாதார எச்சரிக்கை போன்ற அறிவிப்புகளையும் சொல்லலாம் என்றது. ஆனால், கூடவே ஒரு நிபந்தனை: அவை உள்ளூர் நிர்வாகம் கொடுத்த தகவலாக இருக்க வேண்டும்.

இந்த நிபந்தனையைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். தண்ணீர் திறந்ததாக நிர்வாகம் அறிவித்தால் ஆர்.ஜே. தாராளமாகச் சொல்லலாம். கடைமடைக்கு வந்து சேரவில்லை என்பதை அவரே போய்ப் பார்த்துவந்து சொன்னால் அது செய்தி. அதற்கு அனுமதி இல்லை. ஆட்சியில் எந்தக் கட்சி இருந்தாலும் நிர்வாகத்தின் குரல் மட்டும் ரேடியோவில் தடையில்லாமல் வரும். எதிர்க்குரல் வருவதற்கு வாசலே கிடையாது. கேட்பவருக்கு இது சார்பாகத்தான் தெரியும். அவர் காது பொய் சொல்லவில்லை. மைக் முன்னால் இருக்கும் பெண்ணைச் சந்தேகப்பட்டதுதான் குறி தவறிப்போனது.

இதோடு இன்னொரு கயிறும் உண்டு. ஆல் இந்தியா ரேடியோவின் நிகழ்ச்சி விதிமுறைகள் தனியார் எஃப்.எம்.முக்கும் பொருந்தும். 1960-களின் கடைசியில் உருவான அந்த விதிமுறைகளின்படி எந்தக் கட்சியையும் பெயர் சொல்லித் தாக்கக் கூடாது. மத்திய அரசையோ மாநில அரசையோ பகையுணர்வோடு விமர்சிக்கக் கூடாது. பாராட்டுவதற்கு அப்படி ஒரு தடை அந்தப் பட்டியலில் இல்லை. ஆகவே ஆர்.ஜே. எதற்கு வம்பு என்று பாட்டுப் போட்டுவிடுகிறார்.

முதலாளி யாரென்று நேயருக்குத் தெரியும்

விதி ஒருபக்கம் இருக்கட்டும். மதுரைக்காரர்களின் சந்தேகத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. சூரியன் எஃப்.எம். சன் குழுமத்துடையது. அதன் தலைவர் கலாநிதி மாறன், தி.மு.க.வின் மத்திய அமைச்சராக இருந்த முரசொலி மாறனின் மகன். ஹலோ எஃப்.எம். தினத்தந்தி குழுமத்தின் மாலைமலர் நிறுவனத்துடையது. மிர்ச்சி டைம்ஸ் குழுமத்துடையது. ஆல் இந்தியா ரேடியோவோ மத்திய அரசின் பிரசார் பாரதிக்குக் கீழே இருக்கிறது.

இதெல்லாம் ஊரறிந்த விஷயம். இதைத் தெரிந்துவைத்திருக்கும் நேயர், காலையில் வரும் ஒரு சாதாரண ஜோக்கைக்கூட முதலாளியின் கணக்கோடு சேர்த்துத்தான் கேட்பார். ஆர்.ஜே. சொன்ன ஜோக்கில் அரசியலே இல்லாமல் இருக்கலாம். ஆனால், ‘எங்களுக்கு அரசியலே தெரியாதுங்க’ என்று அவர் சிரித்து மழுப்பினால் சந்தேகம் இன்னும் வலுக்கத்தான் செய்யும்.

விளம்பரம் இன்னொரு குழப்பம். தேர்தல் நேரத்தில் ஒரு கட்சியின் விளம்பரம் மணிக்கு நாலு முறை வருகிறது. அது முடிந்த அடுத்த நொடியே ஆர்.ஜே. பேச ஆரம்பிக்கிறார். காசு கொடுத்து வந்தது எது, நிலையத்தின் சொந்தப் பேச்சு எது என்று கேட்பவருக்குப் பிரித்துப் பார்க்க முடிவதில்லை. டி.வி.யில் ஓரத்தில் ‘விளம்பரம்’ என்று எழுத்துப் போடலாம். ரேடியோவில் வாயால் சொன்னால்தான் உண்டு.

வானொலி நிலையத்திலும் அதே கதைதான்

‘தனியாரை விடுங்க, நம்ம மதுரை வானொலி நிலையம் பொதுச் சொத்துதானே, அங்கே கேட்கலாமே’ என்று தோன்றும். கேட்கலாம். ஆனால், அங்கேயும் புகார் போய்ச் சேர்வது தப்பான மேசைக்கு.

மதுரை நிலையத்தில் நாம் கேட்கும் மாநிலச் செய்திகள் மதுரையில் எழுதப்படுபவை அல்ல. தமிழ்நாட்டில் ஆல் இந்தியா ரேடியோவின் மண்டலச் செய்திப் பிரிவுகள் சென்னையிலும் திருச்சியிலும் இயங்குகின்றன. அங்கே தயாராகும் செய்தியை மற்ற நிலையங்கள் வாங்கி ஒலிபரப்புகின்றன. திருமங்கலத்தில் இருந்து ஒருவர் போன் செய்து, ‘நேத்து செய்தியில எங்க தலைவர் பேச்சை ஏன் விட்டீங்க?’ என்று கேட்டால், போனை எடுக்கும் அறிவிப்பாளருக்கு அந்தச் செய்தியில் எந்தப் பங்கும் இருக்காது. அறிவிப்பாளர்களில் பலர் நிரந்தர ஊழியர்களும் இல்லை. மாதத்துக்குச் சில நாள் மட்டும் பணிக்கு வரும் தற்காலிக அறிவிப்பாளர்கள். ‘நீங்க சொல்றது நியாயம்தான்’ என்று மைக்கில் சொல்லிவிட்டு, அடுத்த மாதம் அழைப்பு வருமா என்று காத்திருக்கும் தைரியம் எத்தனை பேருக்கு வரும்?

இத்தனைக்கும் 1990-ல் நிறைவேறி 1997-ல் நடைமுறைக்கு வந்த பிரசார் பாரதி சட்டம் தெளிவாகவே பேசுகிறது. பொதுநலன் சார்ந்த விஷயங்களைச் சுதந்திரமாக, உண்மையாக, நடுநிலையாகத் தெரிந்துகொள்ளும் குடிமக்களின் உரிமையைக் காப்பது பிரசார் பாரதியின் கடமை என்கிறது. மாறுபட்ட கருத்துகளையும் சேர்த்துச் சமநிலையாகத் தர வேண்டும், தனக்கென்று ஒரு கொள்கையைப் பரப்பக் கூடாது என்றும் சொல்கிறது. நேயர்களின் புகார்களை விசாரிக்க ‘ஒலிபரப்பு கவுன்சில்’ என்ற ஓர் அமைப்பும் அந்தச் சட்டத்தில் இருக்கிறது. நாடாளுமன்ற உறுப்பினர்களும் இடம்பெற வேண்டிய கவுன்சில் அது. ஆனால், அது காகிதத்திலேயே தங்கிவிட்டது. புகார்ப் பெட்டி சட்டத்தில் இருக்கிறது. சுவரில் மாட்டத்தான் ஆளில்லை.

இந்தச் சட்டம் ஏன் வந்தது என்பது வீட்டில் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். 1975 முதல் 1977 வரை நெருக்கடி நிலை இருந்தபோது வானொலி ஆளுங்கட்சியின் ஊதுகுழல் ஆகிவிட்டதாகப் பேச்சு எழுந்தது. ‘ஆல் இந்தியா ரேடியோ’வை ‘ஆல் இந்திரா ரேடியோ’ என்று ஜனங்கள் கிண்டல் செய்தார்கள். 1977-ல் ஜனதா அரசு அமைத்த வர்கீஸ் குழு, வானொலியையும் தூர்தர்ஷனையும் அரசின் பிடியிலிருந்து விடுவிக்க வேண்டும் என்று 1978-ல் அறிக்கை கொடுத்தது. அந்த யோசனைதான் பல வருடம் கழித்து, பல வெட்டுகளுக்குப் பிறகு, பிரசார் பாரதியாக வந்தது.

ஒரே ஒரு வார்த்தை போதும்

அறிவிப்பாளர் வாயில் வரும் ஒரு சொல்கூட அரசியலாகிவிடும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே உதாரணம் இருக்கிறது. ‘வானொலி’யா, ‘ஆகாசவாணி’யா என்பது இங்கே பல வருடப் பழைய சண்டை. 2023 மே மாதம், ஆல் இந்தியா ரேடியோ என்ற பெயருக்குப் பதில் ‘ஆகாசவாணி’ என்றுதான் சொல்ல வேண்டும் என்று உத்தரவு வந்தது. தமிழ்நாட்டுக் கட்சிகளிடமிருந்து உடனே எதிர்ப்பு கிளம்பியது. தி.மு.க. எம்.பி. டி.ஆர்.பாலு, அப்போதைய தகவல் ஒலிபரப்புத் துறை அமைச்சர் அனுராக் தாக்கூருக்குக் கடிதம் எழுதினார்.

இன்னொரு பக்கம், டெல்லியிலிருந்து தமிழ்ச் செய்தி வாசித்த சரோஜ் நாராயணசுவாமியின் குரலில் ‘ஆகாசவாணி’ என்ற சொல்லைக் கேட்டே வளர்ந்த தலைமுறையும் இங்கே இருக்கிறது. அவர்களுக்கு அது கட்சிச் சொல் இல்லை, இளமைக்கால ஞாபகம். ஒரே சொல்லை ஒரு வீட்டில் தாத்தா ஆசையாகவும் பேரன் கோபமாகவும் கேட்கிறார்கள். உத்தரவு போட்டவர் டெல்லியில் இருக்கிறார். போன் வருவது உள்ளூர் அறிவிப்பாளருக்கு.

தேர்தல் வந்தால் கத்தரி வரும்

தேர்தல் சமயத்தில் அங்கீகரிக்கப்பட்ட கட்சிகளுக்கு ஆல் இந்தியா ரேடியோவிலும் தூர்தர்ஷனிலும் இலவசமாகப் பேச நேரம் கொடுக்கிறார்கள். எல்லோருக்கும் ஓர் அடிப்படை நேரம். அதற்குமேல், கடந்த தேர்தலில் வாங்கிய ஓட்டைப் பொறுத்துக் கூடுதல் நேரம். யார் எப்போது பேசுவது என்பதைக் குலுக்கல் முறையில் முடிவு செய்கிறார்கள். பேச்சை முன்கூட்டியே எழுதிக் கொடுத்து ஒப்புதல் வாங்க வேண்டும். இவ்வளவு கணக்குப் போட்டும் சர்ச்சை வராமல் இருப்பதில்லை.

2024 மக்களவைத் தேர்தலின்போது மார்க்சிஸ்ட் கட்சியின் சீதாராம் யெச்சூரியும் பார்வர்டு பிளாக் கட்சியின் ஜி.தேவராஜனும் பேசிய உரைகளிலிருந்து சில சொற்களை நீக்கச் சொன்னார்கள். கட்சிகள் அதைச் சார்பு என்றன. தேர்தல் ஆணையத்தின் வழிகாட்டு நெறிகளைத்தான் பின்பற்றினோம் என்று பிரசார் பாரதி தரப்பு சொன்னது. அதற்கு முன்பு 2017-ல் திரிபுராவின் அப்போதைய முதல்வர் மாணிக் சர்க்காரின் சுதந்திர தின உரையை, மாற்றித் தந்தால்தான் ஒலிபரப்புவோம் என்று சொன்னதும் பெரிய சர்ச்சையானது.

பிரதமரின் ‘மன் கீ பாத்’ 2014 அக்டோபர் 3 அன்று தொடங்கியது. 2015 பீகார் தேர்தலின்போது அதை நிறுத்தக் கோரி எதிர்க்கட்சிகள் தேர்தல் ஆணையத்திடம் போயின. வாக்காளர்களைக் கவரும் பேச்சு இருக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு ஆணையம் அனுமதித்தது. 2024 தேர்தலின்போது மூன்று மாதம் அந்த நிகழ்ச்சி இடைவெளி விட்டு, ஜூன் 30 அன்று மறுபடி வந்தது.

இந்தச் சம்பவங்களில் எது சரி, எது தவறு என்று ஆளுக்கொரு கருத்து இருக்கலாம். ஆனால், முடிவெடுத்தவர் யார் என்பதும், அவரிடம் கேள்வி கேட்க வழி இருந்தது என்பதும் இவற்றில் வெளிப்படையாகத் தெரிந்தது. கட்சிகளுக்குக் கடிதம் எழுதத் தெரியும். ஆணையத்தின் கதவு தெரியும். டீக்கடை பெஞ்சில் இருக்கும் நேயருக்குத்தான் அது தெரியாது.

தமிழோசை சொன்ன பாடம்

வைகைக் கரையிலும் ராமநாதபுரம் பக்கமும் இரவு ஒன்பது மணிக்கு மேல் சிற்றலை ரேடியோவைத் திருகிக்கொண்டிருந்த குடும்பங்கள் நிறைய. பி.பி.சி. தமிழோசை 1941 மே 3 அன்று தொடங்கி, 2017 ஏப்ரல் 30 அன்று வானொலி ஒலிபரப்பை நிறுத்தியது. 76 வருடம்!

இலங்கைப் போர்க் காலத்தில் அந்த ஒலிபரப்பை இரண்டு தரப்பும் காது கொடுத்துக் கேட்டன. ஒருவரைப் ‘போராளி’ என்பதா, ‘பயங்கரவாதி’ என்பதா? எந்தச் சொல்லைச் சொன்னாலும் ஒரு பக்கம் கோபப்படும். ‘பயங்கரவாதி’ என்ற சொல்லைத் தன் சொல்லாக வைக்காமல், சொன்னவரின் பெயரோடு சேர்த்துச் சொல்வது பி.பி.சி.யின் வழக்கம். அதற்கும் திட்டு வந்துகொண்டேதான் இருந்தது.

இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம் தன் எஃப்.எம். அலைவரிசையில் பி.பி.சி. நிகழ்ச்சிகளை மறுஒலிபரப்பு செய்துவந்தது. போரின் கடைசிக் கட்டத்தில் தமிழ் ஒலிபரப்பு இடையிடையே பலமுறை துண்டிக்கப்பட்டது. 2009 பிப்ரவரியில், இப்படி வெட்டினால் எங்கள் நிகழ்ச்சி கிடையாது என்று பி.பி.சி. அந்தச் சேவையையே நிறுத்திவைத்தது. 2013 மார்ச்சில் மறுபடியும் அதே காரணத்துக்காக நிறுத்தியது. இரண்டு முறையும் ஏன் நிறுத்தினோம் என்று வெளிப்படையாக அறிவித்தது.

ஒரு தரப்பு, பிடிக்காத பேச்சு வந்தால் சத்தத்தை வெட்டியது. இன்னொரு தரப்பு, என்ன நடந்தது என்று காரணம் சொன்னது. நேயரின் கேள்விக்குப் பதில் சொல்லாமல் பாட்டுப் போடுவதும் சின்ன அளவில் சத்தத்தை வெட்டுகிற வேலைதான்.

“ரெண்டு பேரும் திட்டுறாங்க, அப்ப நாம நடுநிலைதானே?”

ரேடியோ, டி.வி. ஆட்கள் அடிக்கடி சொல்லிக்கொள்ளும் ஆறுதல் இது. இது உண்மையா?

1985-ல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ராபர்ட் வலோன், லீ ராஸ், மார்க் லெப்பர் மூவரும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். 1982-ல் பெய்ரூட்டில் நடந்த படுகொலை பற்றிய டி.வி. செய்திகளை இஸ்ரேல் ஆதரவு மாணவர்களுக்கும் அரபு ஆதரவு மாணவர்களுக்கும் போட்டுக் காட்டினார்கள். இருவரும் பார்த்தது ஒரே செய்திதான். ஆனால், இது எங்களுக்கு எதிராக இருக்கிறது என்று இரண்டு தரப்புமே சொன்னது!

இதில் நமக்கு ஒரு எச்சரிக்கை இருக்கிறது. நம் கட்சிப் பாசம் நம் காதையும் கொஞ்சம் வளைத்துவிடும். நிலையங்களுக்கும் ஒரு எச்சரிக்கை இருக்கிறது. இரண்டு பக்கமும் திட்டுவது மனித சுபாவம். அதையே நடுநிலைக்குச் சான்றிதழாக மாட்டிக்கொள்ள முடியாது. எந்த வரி, எந்தத் தகவல் தவறு என்று ஒவ்வொரு புகாரையும் பார்த்தால்தான் உண்மை தெரியும்.

நல்ல ஆர்.ஜே. என்ன செய்யலாம்?

பெரும்பாலான நிலையங்களில் நேயரின் அழைப்பு நேராகக் காற்றில் போய்விடாது. யாராவது ஒருவர் முதலில் எடுத்துப் பேசுவார். சில நிகழ்ச்சிகளில் பதிவு செய்து வெட்டித்தான் போடுவார்கள். அதனால் கோபமான அழைப்பைக் காற்றில் விடாமல் தடுப்பது சுலபம். அப்படித் தடுத்தால் புகார் மறையாது. அடுத்த டீக்கடைக்குப் போய்விடும்.

வாதாடுவதும் உதவாது. ‘நான் எந்தக் கட்சியும் இல்லைங்க’ என்று சத்தியம் செய்தால் யாரும் நம்பப்போவதில்லை. உதவக்கூடியது ஒன்று உண்டு. தகவல் எங்கிருந்து வந்தது என்று சொல்வது. மேலே பார்த்த அந்தத் தண்ணீர்ப் புகாருக்கு இப்படிப் பதில் சொல்லலாம்:

“அண்ணே, நான் சொன்னது நீர்வளத் துறை கொடுத்த அறிவிப்பு. தண்ணி எதுவரைக்கும் வந்திருக்குன்னு நாங்க போய்ப் பார்க்கலை. செய்தி சேகரிச்சுச் சொல்ல எங்களுக்கு அனுமதியும் கிடையாது. உங்க ஊருக்கு எப்ப வரும்னு அதிகாரிங்ககிட்ட கேட்கிறோம். அவங்க என்ன சொல்றாங்களோ, நாளைக்கு இதே நேரம் அதைச் சொல்றேன்.”

இதில் விதிமீறல் எதுவும் இல்லை. கட்சி இல்லை, விமர்சனம் இல்லை. ஆனால், நேயருக்கு மூன்று விஷயம் கிடைத்துவிட்டது: யார் சொன்னது, நிலையத்தால் என்ன முடியும், அடுத்து என்ன நடக்கும். முக்கியமாக, மறுநாள் அதே நேரம் அந்தப் பதில் வர வேண்டும். அதிகாரி பதில் தரவில்லை என்றால், தரவில்லை என்பதையாவது சொல்ல வேண்டும். ‘தண்ணீர் வந்தாச்சு’ என்பதற்கும் ‘தண்ணீர் திறந்ததாகத் துறை அறிவித்திருக்கிறது’ என்பதற்கும் இடையே இருப்பது இரண்டு, மூன்று சொல்தான். நம்பிக்கை அந்த இடைவெளியில்தான் இருக்கிறது.

பிரிட்டனில் பி.பி.சி. ரேடியோ 4 ஒரு வழி வைத்திருக்கிறது. ‘ஃபீட்பேக்’ என்ற நிகழ்ச்சியில் நேயர்களின் புகார்களை ஒலிபரப்பி, அந்த முடிவை எடுத்த ஆசிரியர்களையும் தயாரிப்பாளர்களையும் பேச அழைக்கிறார்கள். பதில் திருப்தி தரவில்லை என்றால், 2017 முதல் ‘ஆஃப்காம்’ என்ற தனி ஒழுங்குமுறை அமைப்புக்குப் போகலாம். அமெரிக்காவில் இதற்கு நேர்மாறாக நடந்தது. சர்ச்சைக்குரிய விஷயத்தில் எல்லாப் பக்கத்துக்கும் இடம் தர வேண்டும் என்று 1949 முதல் இருந்த நியாயக் கோட்பாட்டை 1987-ல் கைவிட்டார்கள். அதன்பிறகு ஒருபக்கம் மட்டுமே பேசும் அரசியல் ரேடியோக்கள் அங்கே கொடிகட்டிப் பறந்தன.

நமக்கும் ஒரு திருப்பம் வரக்கூடும். தனியார் எஃப்.எம். நிலையங்கள் மணிக்கு 10 நிமிடம் வரை செய்தி சொல்ல அனுமதிக்கலாம் என்று 2023 செப்டம்பரில் டிராய் பரிந்துரைத்தது. அது பரிந்துரைதான், முடிவு மத்திய அரசின் கையில். 2024 ஆகஸ்டில் 234 புதிய நகரங்களில் எஃப்.எம். ஏலத்துக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. மதுரையைச் சுற்றியுள்ள திண்டுக்கல், காரைக்குடி, ராஜபாளையம் ஆகியவையும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. குரல்கள் கூடினால் புகாரும் கூடும். பதில் சொல்லும் பழக்கத்தை இப்போதே தொடங்குவது நல்லது.

சரி, நாம் யாரிடம் சொல்வது?

முதலில், புகாரைச் சரியாக எழுதுங்கள். நிலையத்தின் பெயர், தேதி, நேரம், நிகழ்ச்சி, சொன்ன வார்த்தைகள், அதில் என்ன தவறு, நீங்கள் எதிர்பார்ப்பது திருத்தமா, விளக்கமா. இவ்வளவும் ஐந்து வரியில் அடங்கிவிடும். ‘நீங்க எப்பவுமே இப்படித்தான்’ என்று எழுதினால் யாராலும் விசாரிக்க முடியாது. தாமதமும் வேண்டாம். சமுதாய வானொலிகள் தங்கள் நிகழ்ச்சிப் பதிவை மூன்று மாதம் வரை பாதுகாக்க வேண்டும் என்பது விதி. காலம் கடந்தால் ஆதாரம் போய்விடும்.

* தனியார் எஃப்.எம்.: ஆர்.ஜே.யின் இன்ஸ்டாகிராமில் திட்டுவதற்குப் பதில், நிலைய நிர்வாகத்துக்கு மின்னஞ்சலோ கடிதமோ அனுப்புங்கள். பதில் இல்லை என்றால் மத்திய தகவல் ஒலிபரப்புத் துறைக்கு எழுதலாம். உரிமம் தருவது அவர்கள்தான்.

* ஆல் இந்தியா ரேடியோ: நிகழ்ச்சி பற்றி என்றால் மதுரை நிலையத் தலைமைக்கு. மாநிலச் செய்தி பற்றி என்றால் சென்னை அல்லது திருச்சிச் செய்திப் பிரிவுக்கு. மத்திய அரசின் பொதுமக்கள் குறைதீர்ப்பு இணையதளத்திலும் பதிவு செய்யலாம். பிரசார் பாரதி தகவல் அறியும் உரிமைச் சட்டத்துக்கு உட்பட்டது. 10 ரூபாய் கட்டணத்தில் கேள்வி கேட்கலாம்.

* தேர்தல் விளம்பரம்: கட்சி விளம்பரம் ரேடியோவில் வர முன்சான்று வேண்டும். டி.வி.க்காக 2004-ல் உச்ச நீதிமன்றம் சொன்ன இந்த ஏற்பாட்டை 2008-ல் தேர்தல் ஆணையம் ரேடியோவுக்கும் விரிவாக்கியது. மாவட்ட அளவில் இதற்கு ஒரு குழு இருக்கும். மாவட்டத் தேர்தல் அதிகாரி, அதாவது கலெக்டர் அலுவலகத்தில் கேட்கலாம். 1950 என்ற எண்ணிலும் வழி கேட்கலாம்.

* அரசு விளம்பரம்: மக்கள் பணத்தில் வரும் விளம்பரம் கட்சிப் பிரசாரமாக இருக்கக் கூடாது என்று 2015 மே மாதம் உச்ச நீதிமன்றம் வழிகாட்டு நெறிகள் தந்தது. அதன்படி மத்திய அளவில் உள்ளடக்கத்தைக் கண்காணிக்கும் குழு இருக்கிறது.

இத்தனை அலைச்சல் ஒரு ரேடியோவுக்காகத் தேவையா என்று கேட்கலாம். 1995 பிப்ரவரியில், வங்காள கிரிக்கெட் சங்க வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு விஷயத்தை உறுதியாகச் சொன்னது. காற்றலைகள் பொதுச் சொத்து. அவற்றைப் பொதுநலனுக்காகத்தான் பயன்படுத்த வேண்டும். அரசு நிலையமோ தனியார் நிலையமோ, ஒலிபரப்புவது நம் அலைவரிசையில். கேள்வி கேட்கும் உரிமை நேயருக்கு அதிலிருந்தே வந்துவிடுகிறது.

அதனால் அடுத்த முறை ரேடியோவில் ஏதாவது ஒருபக்கமாகப் பட்டால், ‘நீங்க எந்தக் கட்சி?’ என்று கேட்க வேண்டாம். “இந்தத் தகவலை உங்களுக்குக் கொடுத்தது யார்? இதுக்கு யார்கிட்ட பேசணும்?” என்று கேளுங்கள். இந்தக் கேள்விக்கு எந்த ஆர்.ஜே.யாலும் பாட்டுப் போட்டுத் தப்பிக்க முடியாது.